மலையின் வடுவும் மனையின் இடமும்

சாரல் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. மலையின் சாய்ந்த பக்கத்தையும் சாரல் என்கின்றோம். காற்றினால் அலைப்புண்டு சாய்ந்து விழும் மழைத்துளிகளையும் சாரல் என்கின்றோம். மலைப்பக்கமும் மழைத்துளியும் ஒரே பெயரைத் தாங்கி நிற்றல் சொல்லாராய்ச்சி செய்வார்க்குச் சுவை தருவதொன்று. மலையடியில் மனை வகுத்து வாழ்வோர்க்கோ அது வெறுஞ் சுவையன்று. ஒரு சாரலின்மேல் மற்றொரு சாரல் அளவிறந்து பெய்யுங்கால் ஊர்கள் மண்ணுள் மறைகின்றன. தமிழ் பயிலும் மாணவனுக்கு இப்பொருளில் என்ன வேலை என்று நம் கல்லூரி அன்பர் சிலர் வினவக்கூடும். சிமையம், அடுக்கம், விடர், தாழ்வரை, அடிவாரம் என மலையின் உறுப்புக்களைப் பகுத்துப் பெயரிட்ட மொழியைக் கற்பவன், அவ்வுறுப்புக்களை இக்காலத்து விஞ்ஞானம் எங்ஙனம் படமாக்கிக் காட்டுகின்றது என்று அறிய விழைதல் இயல்பேயன்றோ?

நாம் ஈண்டு ஆராயப் புகுவது ஒரே வினா. மலை நம் வீட்டை நோக்கி வருமா, வராதா என்பதை, அது வருவதற்கு முன்னரே, நிலத்தின் முப்பரிமாணத் தோற்றத்தைக் கொண்டு எவ்வளவு தூரம் அறியலாம்?

வீட்டு வாயிலில் நின்று மலையை நோக்குபவன் உண்மையில் மலையைக் காண்பதில்லை. அதன் முகப்பை மட்டுமே காண்கின்றான். முகப்புக்கு மேலே உள்ள மேட்டுநிலம், அம்மேட்டில் நீர் தேங்கும் குழிவு, அக்குழிவிலிருந்து இறங்கும் ஓடை ஆகியவை அவன் கண்ணுக்கு மறைவானவை. காடு அடர்ந்திருப்பின் முகப்பும் மறையும். பச்சைப் போர்வை போர்த்த மலை அழகியதாகவும் அசைவற்றதாகவும் தோன்றுகின்றது. அன்றியும் மனிதன் வாழ்நாள் குறுகியது. முந்நூறு ஆண்டுகளுக்கு முன் சரிந்த சரிவை அவன் பாட்டனும் கண்டிலன். ஆனால் நிலம் தன் வடுவை எளிதில் இழப்பதில்லை.

அவ்வடு யாது? சரிவு தொடங்கிய உச்சியில், ஒருவன் அப்பத்தைக் கடித்தாற்போன்று, வில்லாக வளைந்த செங்குத்தான வெட்டு ஒன்று நிற்கும். அதன் கீழே இறங்கிய மண், சமமாகப் பரவாது, திட்டும் பள்ளமுமாய் முடிச்சு முடிச்சாகக் கிடக்கும். திட்டுகளுக்கிடையே வடிகாலற்ற சிறு குட்டைகள் தங்கும். அடியில் ஓடும் ஆறு, காரணமின்றி ஓரிடத்தில் எதிர்க்கரையை நோக்கி ஒதுங்கிச் செல்லும். காரணம் முன்னொரு காலத்து மண் அதனைத் தள்ளியதே. இவை மூன்றும் ஒருங்கே காணப்படுமாயின் அவ்விடம் ஒருமுறை அசைந்த இடம் என்று பெரும்பாலும் துணியலாம். ஒருமுறை அசைந்த இடம் மறுமுறை அசைதல் அரிதன்று. எனினும் இவ்வடையாளங்கள் கிலோமீட்டர்க் கணக்கில் பரந்தவை. காட்டினுள் நடப்பவனுக்கு ஒரு மேடும் ஒரு பள்ளமுமே தோன்றும். பறவையின் கண்ணுடன், மரங்களை விலக்கிப் பார்க்கவல்ல கண்ணும் வேண்டும்.

நிலத்தை உருவாகக் காட்டும் முயற்சி பழையது. நம் நாட்டு நில அளவைத் துறையார் 1:50,000 என்னும் அளவில் வெளியிடும் படங்களில் சமஉயரக் கோடுகள் 20 மீட்டர்க்கு ஒன்றாக வரையப்பட்டிருத்தலைப் பூகோளம் பயின்றோர் அறிவர். அக்கோடுகள் நெருங்கிய இடம் செங்குத்து; விலகிய இடம் சமம். ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் இரு கோடுகள் இருப்பின், நிலத்தில் 50 மீட்டர் நடந்தால் 20 மீட்டர் ஏறுகின்றோம். அஃதாவது ஏறத்தாழ 22 பாகை சாய்வு. கணக்கு எளிதாயினும் கோட்டிலிருந்து குன்றை மனத்தில் எழுப்புதல் எல்லார்க்கும் கைவருவதன்று. அவ்வாறு எழுப்ப இயலாதவர்க்கு ஒரு வழி உண்டு. ஒவ்வொரு கோட்டின் வடிவிலும் ஓர் அட்டையை வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினால், மலை மேசைமேல் எழும். ஒரு மில்லிமீட்டர் தடிப்புள்ள அட்டையைக் கொண்டால் உயரம் மெய்யளவினும் இரண்டரை மடங்கு மிகும். ஏனெனில் 20 மீட்டர் அப்படத்தின் அளவில் 0.4 மில்லிமீட்டரே. இம்மிகையை மறந்து, "எத்துணைச் செங்குத்து!" என்று அஞ்சுவோரும் உளர். கணினித் திரையில் சுழலும் மலைகளிலும் இதே மிகை பெரும்பாலும் சேர்க்கப்படுகின்றது. ஆதலின் எத்தனை மடங்கு என்று கேட்டறிந்த பின்னரே படத்தைக் கண்டு அஞ்சுதலோ ஆறுதல் கொள்ளுதலோ தகும்.

விமானத்திலிருந்து சற்றே விலகிய இரண்டு இடங்களில் எடுத்த படங்களை இரு கண்ணுக்கும் தனித்தனியே காட்டினால் நிலம் மேலெழுந்து தோன்றும். சார்லஸ் வீட்ஸ்டன் 1838-இல் விளக்கிய இரட்டைக்கண் காட்சிக் கருவியின் தத்துவமே இது. நிலவியலார் நெடுங்காலம் இம்முறையாலேயே சரிவுகளைத் தேடினர். ஆனால் படம் காட்டியது மரங்களின் உச்சியை, நிலத்தையன்று. அக்குறையைத் தீர்த்தது லைடார் என்னும் கருவி.

இக்கருவி விமானத்திலிருந்து லேசர் ஒளியைத் துடிப்புத் துடிப்பாக, நொடிக்குப் பல்லாயிரக் கணக்கிலோ இலட்சக் கணக்கிலோ, கீழே அனுப்புகின்றது. ஒளி பட்டுத் திரும்பும் காலத்தை அளந்து தொலைவைக் கணிக்கின்றது. 1,500 மீட்டர் உயரத்திலிருந்து போய்த் திரும்ப ஒரு நொடியில் இலட்சத்தில் ஒரு பங்கே செல்லும் எனின், அக்கடிகாரத்தின் நுண்மை எத்தகையது! துடிப்புக்களிற் பல இலைகளில் பட்டு மீளும். சில மட்டும் இலைகளின் இடைவெளியே நுழைந்து தரையைத் தொட்டு மீளும். தரையைத் தொட்ட புள்ளிகளை மட்டும் பிரித்தெடுத்து ஏனையவற்றை நீக்கினால், ஒரு மரத்தையும் வெட்டாமலே காடு முழுதும் களையப்பட்ட வெறுநிலம் எஞ்சுகின்றது. மரச்செறிவு மிக்க மலைநாடுகளில் இதனினும் பெரிய உதவி நிலவியலார்க்குக் கிட்டியதில்லை என்பது மிகையன்று.

எஞ்சிய நிலத்தைக் கண்ணுக்குப் புலப்படுத்துவது நிழல். கணினியில் ஒரு பொய்ச் சூரியனை ஒரு திசையில் நிறுத்தி, அதன் ஒளியில் எப்பக்கம் வெளிச்சம், எப்பக்கம் இருள் என்று தீட்டுவர். பெரும்பாலும் அச்சூரியன் வடமேற்கில், அஃதாவது படத்தின் இடப்பக்க மேல்மூலையில் நிறுத்தப்படுகின்றது. இதற்குக் காரணம் மலையில் இல்லை. மனிதக் கண்ணில் உள்ளது. ஒளி மேலிருந்து வருவதாகவே நம் கண் கொள்ளும். ஒளியைப் படத்தின் கீழ்ப்புறத்திலிருந்து வரச்செய்தால் பள்ளம் மேடாகவும் மேடு பள்ளமாகவும் தலைமாறித் தோன்றும். சந்திரனின் குழிகளைத் தலைகீழாய்ப் பிடித்துப் பார்த்தவர் இவ்வியப்பை அறிவர். ஒரே திசை ஒளியில் மற்றொரு வஞ்சனையும் உண்டு: ஒளி செல்லும் திசையிலேயே நீண்டு கிடக்கும் வெட்டு நிழல் வீழ்த்தாமையால் மறைந்துவிடும். ஆதலின் பொய்ச் சூரியனைப் பல திசைகளில் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தல் வேண்டும். ஒரே படத்தைக் கண்டு "இங்கு வடுவில்லை" என்று கூறுபவனை நம்பற்க.

இனி, இப்படங்களின் பயனையும் அவற்றின் பயனின்மையையும் ஒருங்கே காட்டும் நிகழ்ச்சியொன்றைச் சற்று விரித்துரைப்போம். ஐக்கிய அமெரிக்க நாடுகளின் வடமேற்கு மூலையில் வாஷிங்டன் மாகாணம் உள்ளது. அங்கே ஓஸோ என்னும் சிற்றூர்க்கு அருகில் ஸ்டில்லகுவாமிஷ் ஆற்றின் வடகிளை ஓடுகின்றது. ஆற்றுக்கு வடக்கே ஏறத்தாழ 180 மீட்டர் உயரமுள்ள மேடு. அது பாறையாலாயதன்று, பனியூழியில் பனியாறுகள் கொணர்ந்து விட்டுச் சென்ற மணலும் களியும் அடுக்கடுக்காக அமைந்தது. மேலுள்ள மணல் நீரை உட்கொள்ளும். கீழுள்ள களி அதனைத் தடுத்து நிறுத்தும். தடையுண்ட நீர் மண்ணின் பிடிப்பைத் தளர்த்தும். ஆற்றின் தென்கரையிலோ அழகிய சமவெளி. அதன்மேல் ஸ்டீல்ஹெட் ஹேவன் என்னும் குடியிருப்பு. மீன் பிடிக்கவும் அமைதியை நாடவும் வந்தவர்கள் அங்கே வீடு கட்டினர். மலையின்மேல் அல்லர்; மலையின் அடியிலும் அல்லர்; ஆற்றுக்கு அப்பால், சமதரையில் கட்டினர் என்பதைப் படிப்போர் உள்ளத்திற் பதித்துக்கொள்க.

2014-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 22-ஆம் நாள், சனிக்கிழமை. விடுமுறை நாளாதலின் பலர் வீட்டிலேயே இருந்தனர். அதற்கு முந்திய வாரங்களில் வழக்கத்தினும் மிகுதியாக மழை பெய்திருந்தது. முற்பகல் 10 மணி 37 நிமிடத்திற்கு மேடு இடிந்தது. ஏறத்தாழ 80 இலட்சம் கன மீட்டர் மண் நீர்மம்போல் பாய்ந்து, ஆற்றைக் கடந்து, சமவெளியில் ஒரு கிலோமீட்டர்க்கு மேல் ஓடி, நெடுஞ்சாலையையும் மூடியது. 43 பேர் மாண்டனர். தப்பி ஓடுவதற்கு வேண்டிய பொழுதும் அவர்க்கு இருந்ததில்லை.

அம்மேடு அறியப்படாத மேடா? அன்று. 1949, 1967, 1988, 2006 ஆகிய ஆண்டுகளில் அதே இடம் சரிந்தது ஏட்டில் உண்டு. 1999-இல் டேனியல் மில்லர் என்னும் நிலவியலார் அந்நாட்டு இராணுவப் பொறியியற் படையினர்க்கு அளித்த அறிக்கையில், அங்கே பேரழிவு விளைக்கும் பெருஞ்சரிவு நிகழக்கூடும் என்று குறித்திருந்தார். அப்பள்ளத்தாக்கின் லைடார் அளவை 2003-லேயே முடிந்திருந்தது. அப்படத்தைக் காண்பவர் எவரும் ஒரு கணம் மூச்சடங்குவர். பள்ளத்தாக்கின் இரு மருங்கிலும் வில்வளைவான வெட்டுக்கள் ஒன்றையடுத்து ஒன்றாக நிற்கின்றன. அவற்றிலிருந்து இறங்கிய மண் நாக்குப்போல் நீண்டு சமவெளியின் குறுக்கே கிடக்கின்றது. 2014-இல் இடிந்த மேட்டிற்கு அருகிலேயே அதனினும் பெரிய பழஞ்சரிவு ஒன்று உண்டு. பிற்றை ஆராய்ச்சியாளர் அம்மண்ணுள் புதைந்த மரத்துண்டுகளைக் கொண்டு அது ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது என்று கணித்தனர். புதிய சரிவின் மேற்பரப்பு கரடுமுரடானது; காலம் செல்லச்செல்ல மழையும் மண்புழுவும் வேர்களும் அதனை மழுங்கச் செய்யும். ஆதலின் கரட்டின் அளவைப் படத்தில் அளந்தே ஏனைச் சரிவுகளின் வயதையும் அவர்கள் மதிப்பிட்டனர். மக்கள் முகத்தில் சுருக்கம் முதுமையைக் காட்டும். நிலத்தின் முகத்திலோ இளமையைக் காட்டுகின்றது.

அங்ஙனமாயின் 43 பேர் ஏன் மாண்டனர்? இவ்வினாவிற்கு ஒரு சொல்லில் விடை கூறுதல் இயலாது. ஆயினும் நம் ஆராய்ச்சிக்கு உரிய பகுதி தெளிவானது. ஏட்டிலிருந்த சரிவுகள் சிறியன. மண் ஆற்றுப் பக்கத்தளவில் நின்றது. ஆதலின் மக்கள் அஞ்சியது ஆறு அடைபட்டு வெள்ளம் வருதலையே. மேடு சரியுமா என்று கேட்டவர் பலர். சரிந்தால் எதுவரை ஓடும் என்று கேட்டவர் மிகச் சிலர். படமோ இரண்டாம் வினாவிற்கே விடை வைத்திருந்தது. பழைய மண்ணின் நாக்குகள் பள்ளத்தாக்கின் நடுவரை நீண்டு கிடந்தன. பழைய சரிவுகள் எட்டிய தரையையே மக்கள் மலைக்குத் தொடர்பற்ற பாதுகாப்பான சமதரை என்று எண்ணியிருந்தனர். 2006-ஆம் ஆண்டுச் சரிவிற்குப் பின்னரும் அங்கே புதிய வீடுகள் எழுந்தன.

வீட்டிற்கு மேலுள்ள சரிவை மட்டும் நோக்குதல் போதாது, மண் வரும் வழியையும் நோக்குக என்பதற்கு நம் பக்கத்திலும் சான்றுகள் உள. 2024-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 30-ஆம் நாள் விடியுமுன் வயநாட்டில் நிகழ்ந்ததைப் பத்திரிகை படிப்போர் அனைவரும் அறிவர். அச்சரிவின் தலை கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 1,550 மீட்டர் உயரத்தில் இருந்தது. ஆங்கிருந்து கல்லும் மரமும் சேறுமாய்த் திரண்ட குழம்பு ஓடையின் வழியே ஏறத்தாழ 8 கிலோமீட்டர் ஓடியது. முண்டக்கை, சூரல்மலை ஊர்களில் இருநூற்றுக்கு மேற்பட்டோர் உயிர் துறந்தனர். சூரல்மலையில் வீட்டு வாயிலில் நின்றவன் எத்துணைக் கூர்ந்து நோக்கினும் அவ்வுச்சியை அபாயமென எண்ணியிருத்தல் அரிது. அதே இடத்தில் முன்னரே ஒரு சரிவு நிகழ்ந்திருந்ததை இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தொலையுணர்வு நிலையத்தார் பழைய விண்கோட் படங்களிற் கண்டனர். மூணாற்றுக்கு அருகே பெட்டிமுடியில் 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 6-ஆம் நாளிரவு தேயிலைத் தொழிலாளர் லயங்களை மூடிய மண்ணும் குடியிருப்புக்கு நெடுந்தொலைவு மேலிருந்தே வந்தது. மாண்டவர் எழுபதின்மர், பெரும்பாலார் தமிழர்.

இப்படத்தைக் கையிற் பெற்ற வீட்டுக்காரர் செய்யத் தக்கது இது. முதலில் தம் வீட்டின்மேல் விரலை வைக்க. ஆங்கிருந்து மேல்நோக்கி, நீர் வரும் வழியை விரலால் தொடர்ந்து செல்க. ஓடை கிளைத்தால் ஒவ்வொரு கிளையையும் தொடர்க. விரல் மலையின் குழிந்த மடியொன்றில், கிண்ணத்தின் பாதிபோன்ற பள்ளத்தில், போய் முடியுமாயின் அங்கே நிறுத்துக. மழைநீரும் தளர்ந்த மண்ணும் சேர்ந்து தங்கும் இடம் அதுவே. பின்னர் விரலைக் கீழே கொணர்ந்து, ஓடை மலையை விட்டுச் சமதரையில் இறங்கும் வாயிலைக் காண்க. அவ்வாயிலில் தரை விசிறிபோல் விரிந்து, நடு உயர்ந்து, ஓரம் தாழ்ந்திருக்குமாயின், அவ்விசிறி முற்காலத்து வெள்ளமோ சேற்றுக்குழம்போ இட்டது. வீடு கட்டுவோர்க்கு மிக விருப்பமான இடமும் அதுதான். நீர் அருகில், நிலம் வளமானது, தரை ஏறத்தாழச் சமம். அவ்விசிறியில் வீடுடையார் உடனே குடிபெயர வேண்டும் என்று நாம் கூறவில்லை. ஆனால் பெருமழை நாளில் அவர் உறங்கத் தக்க இடம் அதுவன்று.

படம் அறியாதவை பலவுண்டு. அவற்றையும் சொல்லாது விடுதல் நேர்மையன்று. மண்ணின் உட்புறத்தைப் படம் காட்டாது. மழை எப்பொழுது, எவ்வளவு பெய்யும் என்பதும் அதற்குத் தெரியாது. நீலகிரியில் கேத்தியில் 2009-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. அந்நாட்களில் அம்மலையில் எண்ணற்ற இடங்கள் சரிந்தன. அவற்றுட் பல சாலைக்கும் வீட்டிற்குமாக மனிதன் வெட்டிய வெட்டுக்களை அடுத்தவை. மலையில் வீடு கட்டுபவர் சரிவைக் குடைந்து தளம் செய்வர். குடைந்த மண்ணை முன்புறம் கொட்டி முற்றமாக்குவர். கழிவுநீரை அம்மண்ணிலேயே விடுவர். சென்ற ஆண்டு எடுத்த படத்தில் இவ்வாண்டு வெட்டிய வெட்டு இராது. படத்தின் அடியில் அளவு எழுதப்பட்டிருப்பதுபோல் அளவை செய்த ஆண்டும் எழுதப்பட்டுளதா என்று பார்த்தல் இன்றியமையாதது.

படத்தின் நுண்மையையும் கேட்டறிதல் வேண்டும். 2000-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் அமெரிக்க விண்வெளி ஓடமொன்று பதினொரு நாட்களில் உலகின் பெரும்பகுதியை ராடாரினால் அளந்தது. அதன் பயனாய்க் கிடைத்த நிலவுருவம் எவரும் இலவசமாய்ப் பெறத் தக்கது. ஆனால் அதில் ஒரு புள்ளி நிலத்தில் 30 மீட்டர்க்கு 30 மீட்டர். அத்தகைய கட்டம் ஒன்றினுள் நான்கைந்து வீடுகள் அடங்கிவிடும். வீட்டின் பின்புறத்து எட்டடி வெட்டு அதனுள் இருந்த இடமும் தெரியாது. இத்தகைய படத்தைக் கொண்டு ஓடைகளையும் மடிகளையும் விசிறிகளையும் காணலாம். தம் வீட்டுச் சுவர் நிற்குமா என்பதைக் காண முற்படுதல் வீண். அதற்கு மண்ணறிந்த பொறியாளர் நேரில் வருதல் வேண்டும். சுவரின் புதிய விரிசல், சாய்ந்த மரம், திடீரெனக் கலங்கிய ஊற்று, மழை நின்ற பின்னும் நில்லாத கசிவு ஆகியவற்றைக் காண வீட்டுக்காரரின் கண்ணே போதும்.

ஓஸோவின் பின்னர், 2015-இல், வாஷிங்டன் மாகாணத்துச் சட்டமன்றம் மலைப்பகுதிகளை லைடாரினால் அளந்து, சரிவுகளைக் குறித்து, பொதுமக்கள் காணத் தருமாறு தன் நிலவியல் துறையைப் பணித்தது. அது செயல். இலங்கையில் கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 29-ஆம் நாள் மலைசரிந்து தமிழ்த் தொழிலாளரின் வரிசை வீடுகளை மூடியபொழுது, அவ்விடம் தகாதது என்று 2005-லேயே எச்சரிக்கப்பட்டிருந்ததென்பது வெளிவந்தது. எச்சரிக்கை இருந்தது; மாற்று வீடு இல்லை. லயத்திலோ வரிசை வீட்டிலோ வாழ்பவர் தம் மனையைத் தாமே தேர்ந்தவரல்லர். பிறர் கட்டிக் கொடுத்த இடத்தில் வேலையுள்ளவரை இருப்பவர். அவரிடம் முப்பரிமாணப் படத்தைக் காட்டி, "உன் வீடு விசிறியின்மேல் உள்ளது" என்றால், அவர் அதனை வைத்துக்கொண்டு என் செய்வார்? அவர்க்குக் காட்டுமுன் அவ்வீட்டைக் கட்டிய முதலாளிக்கும், கட்ட இசைவு தந்த அதிகாரிக்கும் அப்படம் காட்டப்படல் வேண்டும். அவர்க்குக் காட்டுங்காலும், அவர் படிக்கும் எழுத்தில், அவர் அறிந்த பெயர்களில் காட்டப்படல் வேண்டும். மேட்டிற்கும் ஓடைக்கும் எஸ்டேட்டுத் தொழிலாளர் இட்டு வழங்கும் பெயர்கள் அரசினர் படங்களிற் பெரும்பாலும் இல்லை. விடுமுறையில் மலைநாட்டு ஊர்கட்குச் செல்லும் நம் மாணவர், அங்குள்ள முதியோரிடம் எந்த ஓடை எவ்வாண்டில் கலங்கி வந்தது, எந்த மேடு இறங்கியது, அதற்கு என்ன பெயர் என்று கேட்டு, நில அளவைப் படத்தில் அவ்வவ்விடத்தே தமிழில் எழுதி வருவராயின், பூகோளப் பகுதியினரும் தமிழ்ப் பகுதியினரும் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து செய்யத் தக்க வேலை ஒன்று அடுத்த பருவத்திற்கு ஆயத்தமாக இருக்கும்.